அப்பாவோடு சயாமுக்கு



யுத்தத்திற்குப் போய் வந்தவர் என்று சொன்னதும் உங்கள் மனக்கண்ணில் யார் தோன்றுகிறார்? நெஞ்சில் பதக்கம் தொங்கும் வெள்ளைக்காரச் சிப்பாய் தோன்றலாம். 1943-ல் நேதாஜியின் அழைப்பைக் கேட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம் தோட்டத்து இளைஞர்களும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் பெண்களும் தோன்றலாம். ஆனால் கையில் சாங்கோலும் தலையில் மண்கூடையுமாக அதே யுத்தத்துக்குள் தள்ளப்பட்டவர்களை எத்தனை பேர் நினைப்போம்? அவர்களுக்குச் சீருடை இல்லை, எண் இல்லை, பதக்கம் இல்லை. என் அப்பா அவர்களில் ஒருவர்.

சயாம் ரயில் என்றால் நம் தோட்டங்களில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவில் இருந்த தங்கள் படைக்கு ஆளும் அரிசியும் தோட்டாவும் அனுப்ப அவர்களுக்கு வழி தேவைப்பட்டது. கடல் வழியில் எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்திருந்தன. ஆகவே சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் துணிந்தார்கள். 1942-ல் தொடங்கிய வேலை, இரு பக்கத்துத் தண்டவாளமும் கொன்கொய்த்தா என்ற இடத்தில் 1943 அக்டோபர் 17-ல் ஒன்றாகச் சேர்ந்தபோது முடிந்தது. ஏறக்குறைய ஓராண்டுக் காலம்!

அந்த ஓராண்டின் விலை என்ன தெரியுமா? 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், இவர்களோடு நம் தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துப் பால்மரக் காட்டுச் சனங்கள். மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. கைதிகளுக்குச் சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். மருந்தில்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எங்கே இறந்தார் என்று ஒளித்து வைத்தாவது எழுதிக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு இந்த மூன்றுமே இல்லை. அதனால்தான் சாவும் அதிகம், கணக்கும் இல்லை.

அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1943-ல் அவருக்குப் பதினேழு வயது. அண்ணனுக்கு இருபது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டமே பட்டினி கிடந்த நேரம். மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். அப்போது, "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இனாம்" என்று பெரட்டுக் களத்தில் அறிவித்தார்கள். சிலர் நம்பிப் பெயர் கொடுத்தார்கள். அது போதாதென்று இத்தனை பேர் வேண்டும் என்று உத்தரவு வந்ததும், பட்டியலில் பெயர்கள் தாமாகவே ஏறின. அண்ணன் பெயர் ஏறியது. "தனியாகப் போகவேண்டாம், நானும் வருகிறேன்" என்று அப்பாவும் ஏறிக்கொண்டார்.

இரண்டு பேர் போனார்கள். 1946 தொடக்கத்தில் ஒருவர் திரும்பி வந்தார்.

வந்தவர் மறுபடியும் தோட்டத்துக்குப் போகவில்லை. மலாயா ரயில்வேயில் தண்டவாளக் கூட்டத்து ஆளாகச் சேர்ந்தார். முதலில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு. பிறகு சாலாக் செலாத்தானில் சொந்தமாக ஒரு பலகை வீடு. "ரயிலால் அத்தனை பட்டும் ரயில் வேலைக்கே போனீர்களே" என்று அம்மா கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே" என்பார். அதற்கு மேல் சயாமைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

பேசியவர் பாட்டிதான். "உன் பெரியப்பன் சயாம்ல இருக்கான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். என்னைக்காவது ஒருநாள் வருவான்" என்பார். அப்படித்தான் அப்பா அவரிடம் சொல்லியிருந்தார். ஹட்யாய்க்கு யார் போனாலும் பாட்டி அவர்களிடம் அடையாளம் சொல்லி அனுப்புவார்: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பான். 1968-ல் பாட்டி கண்ணை மூடும்வரை அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை. நானும் அதை நம்பியே வளர்ந்தேன்.

வாசகர்களே, 1999 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அப்பா தாமாகவே, "தம்பி, ஒரு தடவை சயாமுக்குப் போய்ட்டு வந்திடலாமா?" என்று கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பை என்னவென்று சொல்ல! அவருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. அம்மா காலமாகி இரண்டு ஆண்டாகியிருந்தது. நான், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன் எல்லோரும் கிளம்பினோம். ஆகாய விமானம் வேண்டாம், ரயில்தான் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பட்டர்வொர்த் போய் அங்கிருந்து பேங்காக் ரயிலைப் பிடித்தோம். அன்று அவர் போனது சாமான் வண்டிப் பெட்டியில். படுக்க இடமில்லாமல் ஐந்து நாள். இப்போது போவது வெள்ளை விரிப்பு போட்ட படுக்கையில். இரவு முழுவதும் அவர் படுக்கவில்லை. சன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகை கடந்து போனது. பான்போங். அப்பா என் கையைப் பிடித்தார்.

"இங்கதான் எறக்கி விட்டான் தம்பி. அதுக்கப்புறம் நடைதான். மழை வேற. சேறு முழங்கால் வரைக்கும் இருக்கும். அண்ணன் என் மூட்டையையும் சேத்துத் தூக்கிக்கிட்டு நடந்தாரு." சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "உன் பெரியப்பா யாரையும் கட்டிக்கல. அந்த வருசமே வாந்திபேதியில செத்துட்டாரு. அம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

ஐம்பத்து மூன்று ஆண்டு அவர் தனியாகச் சுமந்த சுமை அது. மகன் செத்தான் என்று தாய்க்குத் தெரியக்கூடாது என்பதற்காக அண்ணனுக்குத் திதியும் கொடுக்கவில்லை. தாய் போன பிறகும், இறந்த நாள் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அவர் எதற்காகப் பயணம் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பேங்காக்கில் ஓர் இரவு தங்கி, தோன்புரி நிலையத்திலிருந்து காலை ரயிலில் காஞ்சனாபுரி போனோம். மூன்றாம் வகுப்பு, மரப்பலகை இருக்கை. அந்த ஊரில் எல்லோரும் முதலில் பார்ப்பது குவாய் நதிப் பாலத்தைத்தான். நீங்கள் அந்தப் பெயரில் வந்த சினிமாவைப் பார்த்திருக்கலாம். 1957-ல் வெளிவந்த அந்தப் படம் எடுக்கப்பட்டது சயாமில் அல்ல, இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில். அதில் வெள்ளைக்காரக் கைதிகள் மரப்பாலம் கட்டுவார்கள். நிஜப் பாலம் இரும்புப் பாலம். அதன் வளைவுகள் ஜாவாவிலிருந்து கொண்டு வரப்பட்டவை. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த இடத்தில் மட்டும் வளைவுக்குப் பதிலாகக் கோணமாக இரண்டு இரும்புச் சட்டங்கள் இருக்கின்றன. சினிமாவில் நம் ஆட்களைத் தேடிப் பார்த்தால் கிடைக்க மாட்டார்கள்.

அப்பா பாலத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தண்டவாளத்தைத் தடவினார். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலும், தம்பின் - மலாக்கா கிளைப் பாதையிலும் இருந்த தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்து இந்த வேலைக்குக் கொண்டு போனார்கள் என்பது சரித்திரம். ரயில்வேயில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த அவருக்கு அது நன்றாகத் தெரியும். "நம்ப ஆளையும் கொண்டாந்தான், நம்ப தண்டவாளத்தையும் கொண்டாந்தான்" என்றார்.

காஞ்சனாபுரி யுத்தக் கல்லறைத் தோட்டம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை தவறாமல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி. என் மகள் ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில் திரும்பி வந்து, "தாத்தா, பெரிய தாத்தா பேர் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். அப்பா அவள் தலையைத் தடவினாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

அங்கே மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு ஒரு வயதான ஆஸ்திரேலியர் வந்திருந்தார். கோட்டில் பதக்கங்கள். அவர்களில் பலர் இப்படித் திரும்பி வருவது வழக்கம். டாம் மோரிஸ் என்ற பழைய கைதி 1983-ல் திரும்பி வந்தபோதுதான், காடு மூடிக் கிடந்த 'நரகக் கணவாயை'த் தேடிக் காப்பாற்றவேண்டும் என்று முனைந்தார்; அதன் பலனாக 1998-ல் அங்கே நினைவுக் காட்சியகம் திறக்கப்பட்டது. எரிக் லோமக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1993-ல் மனைவியோடு காஞ்சனாபுரிக்கு வந்து, தம்மைச் சித்திரவதை செய்தபோது மொழிபெயர்ப்பாளராக நின்ற நாகசே தகாஷி என்ற ஜப்பானியரைச் சந்தித்து மன்னித்தார். அவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு கல் இருக்கிறது. ஒரு பெயர் இருக்கிறது. கைகொடுக்க எதிரியும்கூட இருக்கிறார்.

அந்த ஆஸ்திரேலியர் அப்பாவின் வயதைப் பார்த்து ஊகித்துக்கொண்டு, எந்தப் படைப்பிரிவு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அப்பா சிரித்தார். "சாங்கோல் ரெஜிமெண்டுன்னு சொல்லு தம்பி" என்றார். நான் விளக்கினேன். அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "உங்கள் ஆட்களின் முகாம்களைப் பார்த்திருக்கிறேன். எங்களைவிட மோசம்" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு அன்று யாரும் கொடுக்காத பதக்கம் அந்த ஒரு சொல்தான் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1944-ல், யுத்தம் முடியும் முன்பே, ரயில்பாதை போட்ட அதே ஜப்பானியப் படை எழுப்பியது. சுற்றியுள்ள சுவர்களில் பல மொழிகளில் பலகைகள். அவற்றில் ஒன்று தமிழ்! ஆம் வாசகர்களே, இறந்துபோன ஆசியத் தொழிலாளர்களை நினைத்துத் தமிழில் கல் பொறித்திருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த அப்பா எழுத்துக் கூட்டி அதைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு சொன்னார்: "சாகடிச்சவன்தான் முதல்ல கல்லு வச்சிருக்கான். நம்மவங்க என்ன வச்சோம்?"

அந்தக் கேள்வி அன்றும் சுட்டது, இன்றும் சுடுகிறது.

மறுநாள் ரயிலில் நாம்தோக் வரை போனோம். பாதை இப்போது அங்கேயே முடிகிறது. யுத்தத்துக்குப் பின் பெயர்த்தது போக, சயாம் ரயில்வே 1958-ல் நாம்தோக் வரை மட்டுமே திறந்து வைத்தது. வாம்போ என்ற இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. நடுவே மரக்கால்களின்மேல் வண்டி ஊர்ந்து போகும். பிள்ளைகள் சன்னலில் தொற்றிக்கொண்டு கூச்சலிட்டார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அங்கிருந்து வாடகை வண்டி பிடித்துச் சாயோக் போனோம். அந்த நாளில் கின்சாயோக் என்று பெயர். அப்பாவும் பெரியப்பாவும் இருந்த முகாம் அங்கேதான்.

முகாம் இருந்த சுவடே இல்லை. தேக்கும் மூங்கிலும். குவாய்நோய் ஆற்றில் விழும் அருவி. விடுமுறைக்கு வந்த சயாம்காரக் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அப்பா ஒரு மணி நேரம் அங்குமிங்கும் நடந்தார். இங்கே குடிசை, அங்கே சமையல், அந்த மேட்டுக்குப் பின்னால் குழி என்று கையை நீட்டுவார். பிறகு "இல்லை, இங்க இல்லை" என்பார். காலையில் ஒன்றாக வேலைக்குப் போனவன் சாயங்காலம் வாந்திபேதியில் போய்விடுவானாம். தூக்கிப் போடவும் தெம்பில்லாமல், பாதி உயிர் இருப்பவரையும் ஒதுக்கிவிடுவார்களாம். பெரியப்பாவைத் தூக்கிய நான்கு பேரில் அப்பாவும் ஒருவர். அந்தக் குழியைத் தான் அவர் தேடினார். அகப்படவில்லை.

கடைசியில், "மண்ணு மறந்திடுச்சு. தண்ணி மறக்காது" என்று சொல்லி ஆற்றங்கரைக்கு இறங்கினார். என் மனைவி சாலாக் செலாத்தானிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த எள், பச்சரிசி, வெற்றிலை பாக்கு, சூடம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஐயர் இல்லை, மந்திரமும் இல்லை. அப்பா அண்ணன் பெயரையும், தகப்பன் பெயரையும், ஊர்ப் பெயரையும் உரக்கச் சொல்லி மூன்று முறை எள்ளும் தண்ணீரும் விட்டார். பிறகு ஆற்றைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "அண்ணே, அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். அவங்க இப்போ உன்கிட்டதான் இருப்பாங்க. நீயே சொல்லிடு."

என் மகனும் மகளும் அசையாமல் நின்றார்கள். பாய் விரித்திருந்த சயாம்காரக் குடும்பத்துக் கிழவி ஒருத்தி எழுந்து வந்து, என்ன ஏது என்று கேளாமல், ஆற்றை நோக்கிக் கைகூப்பிவிட்டுப் போனாள்.

ஊர் திரும்பியதும் அப்பா மாறிவிட்டார் என்று சொன்னால் அது கதையாகிவிடும். அவர் முன்போலவே குறைவாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் எங்களை மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போய் அண்ணனுக்குத் தர்ப்பணம் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் கேட்டால், கேட்டதற்குப் பதில் சொன்னார். என் மகள் அதையெல்லாம் ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதி வைத்தாள்: முகாமின் பெயர், கூட வந்தவர்களில் ஞாபகமிருந்த பதினொரு பேரின் பெயர், அவர்கள் எந்தத் தோட்டம் என்ற விவரம். 2007-ல் அப்பா காலமானார்.

இன்று காஞ்சனாபுரிக்குப் போகிறவர்களுக்குக் காண்பதற்கு இன்னும் சில உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே 2003 முதல் ஒரு ரயில்பாதைக் காட்சியகம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர் கதையும் அங்கே சொல்லப்படுகிறது. பக்கத்திலுள்ள வாட் தாவோர்ன் புத்த ஆலயத்தில் பெயர் தெரியாத தொழிலாளர்களின் நினைவிடம் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்த ஆலயத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுப்பியிருக்கிறார்கள். நம் எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்தத் துயரத்தைத்தான் பேசுகின்றன. பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக் போன பழைய ரயில் 2016-ல் நின்றுபோனது. இப்போது பாடாங் பெசார் வரை நம் மின்ரயிலில் போய் அங்கே சயாம் ரயிலுக்கு மாறவேண்டும். பான்போங் பெயர்ப்பலகை மட்டும் அதே பாதையில்தான் இருக்கிறது.

வாசகர்களே, போய் வந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் மிக அரிது. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளாகிய நாம் இருக்கிறோம். "சயாமுக்குப் போனார், வரவில்லை" என்று ஒரே வரியில் சொல்லப்படும் ஒரு சித்தப்பாவோ, மாமாவோ, தாத்தாவோ உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? யாரோடு போனார்? வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இறந்த தேதி தெரியாவிட்டால் போகட்டும், ஆடி அமாவாசை எல்லோருக்கும் பொது. பெயர் தெரிந்தால்தான் எள்ளும் தண்ணீரும் யாருக்கு என்று சொல்லி விடமுடியும்.